எட்டாவது சக்கரம் கத்தோலிக்கச் சக்கரம்

எங்கள் ரீடன்பாக் நகரத்தில் எல்லாமே இரண்டு. மேயர் இரண்டு பேர், ஒருவர் லூத்தரன், ஒருவர் கத்தோலிக்கர். வைத்தியர் இரண்டு, மருத்துவச்சி இரண்டு, தூக்கில் போடுபவர்கூட இரண்டு. நாற்பது ஆண்டுகளாக யாரையும் தூக்கில் போடாததால் அந்த இருவரும் கூட்டாகக் கோழி வளர்த்தார்கள். முப்பது ஆண்டுப் போர் முடிந்து ஊரில் பாதிப் பேர் மிஞ்சியபோது எழுதிய ஒப்பந்தம் அப்படி. எந்தப் பதவியும் ஒரு தரப்புக்கு மட்டும் போகக்கூடாது.

தேவாலயம் மட்டும் ஒன்று. இரண்டாவது கட்டக் காசு இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு வரை அது லூத்தரன்களுக்கு. எட்டேகாலிலிருந்து எங்களுக்கு. இடையில் இருக்கும் கால் மணி நேரம் யாருக்கும் இல்லை. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுக்கக்கூடாது என்பதற்காக, கதவுகளைத் திறந்துபோட்டுக் காற்றாட விட ஒதுக்கிய நேரம் அது. நூறு ஆண்டுகளாக அந்தக் கால் மணி நேரத்தில் புறாக்களைத் தவிர யாரும் உள்ளே போனதில்லை.

கடிகாரக்காரர்களும் இரண்டு. கத்தோலிக்கக் கடிகாரக்காரன் நான், இக்னாஸ் ரெம்போல்ட். உண்மையில் நான் கடிகாரம் செய்வது குறைவு. வாத்தைக் கம்பியில் குத்தி அடுப்பின் முன் வைத்தால் தானாகத் திருப்பிவிடும் பொறி இருக்கிறதே, அதுதான் என் பிழைப்பு. லூத்தரன் கடிகாரக்காரர் எசேக்கியேல் ஃபெஸ்லர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரர். இதை நான் அவர் இருந்தவரை அவரிடம் சொன்னதில்லை.

ஃபெஸ்லர் பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே ஒரு பொருளைச் செய்துகொண்டிருந்தார். கூட்டல் கணக்குப் போடும் பித்தளைப் பொறி. ஏன் என்று கேட்பவர்களிடம் ஒரே கதையைச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் ஆறு வயதில் ஏழும் ஐந்தும் கூட்டச் சொன்னார்களாம். பன்னிரண்டு என்றிருக்கிறார். "ரெண்டைப் போடு, கையில ஒண்ணு" என்றார் வாத்தியார். "அந்த ஒண்ணு இப்போ எங்க இருக்கு?" என்று இவர் கேட்டார். வாத்தியார் கையை நீட்டச் சொல்லிப் பிரம்பால் ஒன்று வைத்து, "இங்க இருக்கு" என்றார்.

"அன்னிக்கு இருந்து தேடறேன்" என்பார் ஃபெஸ்லர். "ஒரு இடத்தை விட்டுக் கிளம்பிடுச்சு, அடுத்த இடத்துக்கு இன்னும் வந்து சேரலை. நடுவுல அது எங்கப்பா இருக்கு?"

அதைக் கண்டுபிடித்தும் விட்டார். அவருடைய பொறியில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பத்துப் பல். பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை சுற்றும்போது சக்கரம் ஒரு குட்டிச் சுத்தியலைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தூக்கும். பத்தாவது பல்லில் சுத்தியல் நழுவி விழும். விழும்போது பக்கத்துச் சக்கரத்தை ஒரே ஒரு பல் தள்ளும். அவ்வளவுதான். ஆக, நூறு சக்கரம் இருந்தாலும் முதல் சக்கரத்தை ஒரு விரல் தொட்டால் போதும். மிச்சத்தைச் சுத்தியல்கள் ஒன்றையடுத்து ஒன்றாக விழுந்து பார்த்துக்கொள்ளும். மனிதக் கைக்கு வேலை இல்லை.

நகரத் தானியக் கிடங்கில் குமாஸ்தாக்கள் இருவர் மூட்டைகளை எண்ணினார்கள். ஒவ்வொரு ஆண்டும் இருவர் கூட்டிய தொகையும் வேறு வேறாக வரும். இரு தரப்பும் ஆளுக்கொரு நாள்காட்டி வைத்திருந்ததால் அதற்கு முந்தின ஆண்டு ஈஸ்டரே எங்கள் ஊருக்கு இரண்டு முறை, ஒரு வார இடைவெளியில் வந்தபோது, மூட்டையைப் பற்றிக் கேட்க வேண்டுமா? சலித்துப்போன நகரசபை ஃபெஸ்லரைக் கூப்பிட்டது. மதம் இல்லாத மூன்றாவது தலை ஒன்று இருந்தால் நல்லதுதான் என்று இரண்டு மேயர்களும் ஒத்துக்கொண்டார்கள். ஊரே வியந்தது. அந்த ஒற்றுமை மதியச் சாப்பாடு வரை நீடித்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த கத்தோலிக்க மேயர் கோப், ஆறு சக்கரப் பொறியை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இந்தச் சக்கரத்தை எல்லாம் வெட்டினது யாரு?"

"நான்தாங்க" என்றார் ஃபெஸ்லர்.

"ஆறுமே?"

"ஆறுமே."

"அப்போ ஆறும் லூத்தரன் சக்கரம். இதைப் போய் மதம் இல்லாத தலைங்கறீங்க?"

லூத்தரன் மேயர் ஷ்டோல் எழுந்தார். "கோப் ஐயா, பித்தளை எந்தப் பூசைக்குங்க போகுது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். போகாட்டி அது ஊர்க்காரன் இல்லை. ஊர்க்காரன் இல்லாதவனை எப்படிச் சபைக்குள்ள விடறது?"

இப்படித்தான் நான் இந்தக் கதைக்குள் வந்தேன். ஆறு சக்கரங்களில் மூன்றைக் கத்தோலிக்கன் வெட்ட வேண்டும் என்று தீர்மானமாயிற்று. கத்தோலிக்கக் கடிகாரக்காரன் நான் ஒருவன்தானே. எந்தச் சக்கரங்கள் யாருக்கு என்பதில் எட்டு மாதம் போனது. ஒன்றாம் இடத்துச் சக்கரம்தான் நாள் முழுக்கச் சுற்றும். லட்சத்தின் சக்கரம் பிரபு மாதிரி உட்கார்ந்திருக்கும். எங்கள் ஆள் உழைக்க உங்கள் ஆள் உட்கார்ந்திருப்பதா என்று இரண்டு பக்கமும் கேட்டார்கள். கடைசியில் ஒன்றுவிட்டு ஒன்று என்று முடிவானது. முதல் சக்கரம் லூத்தரன், இரண்டாவது கத்தோலிக்கம், இப்படியே போய் ஆறாவது எங்களுடையது.

முதல் சோதனையில் எல்லாச் சக்கரங்களிலும் ஒன்பதை வைத்து ஒன்று கூட்டினார் ஃபெஸ்லர். பத்து லட்சம் வர வேண்டும். அதைக் காட்ட ஏழாவது சக்கரம் இல்லாததால் ஆறு பூஜ்யம் வந்தது.

"இருந்ததெல்லாம் எங்கய்யா போச்சு?" என்று கத்தினார் ஷ்டோல்.

"ஏழாவது சக்கரம் ஒண்ணு வேணுங்க" என்றார் ஃபெஸ்லர்.

ஏழு ஒற்றைப்படை. ஏழு சக்கரத்தை இரண்டாகப் பிரிக்க எங்கள் ஊரில் யாராலும் முடியாது. அதனால் ஏழாவதோடு எட்டாவதும் செய்யச் சொன்னார்கள். எட்டாவது எங்களுக்கு வந்தது. கோடியைக் காட்டும் சக்கரம். ரீடன்பாக்கில் எந்தப் பொருளும் கோடிக்கணக்கில் இல்லை, எலி உட்பட. அது என்றைக்கும் சுற்றப்போவதில்லை. ஆனாலும் அதற்குச் சனிக்கிழமைதோறும் எண்ணெய் போடும் பதவியைச் சபை உண்டாக்கி எனக்குக் கொடுத்தது.

ஃபெஸ்லரை உண்மையில் உடைத்தது தாழ் விவகாரம்தான். லூத்தரன் சக்கரம் பத்து முடிந்ததும் சுத்தியலால் கத்தோலிக்கச் சக்கரத்தைத் தள்ளுகிறது, அது ஒப்பந்தம் தடை செய்த வற்புறுத்தல் என்று ஒரு வக்கீல் கண்டுபிடித்தார். ஆகவே இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் ஒரு தாழ். மொத்தம் ஏழு தாழ்கள். தள்ளப்படும் தரப்பின் குமாஸ்தா, "ஏற்றுக்கொள்கிறோம்" என்று சொல்லிச் சாவி போட்டுத் தாழைத் திறந்த பிறகு, அவரே கட்டைவிரலால் சக்கரத்தை ஒரு பல் நகர்த்துவார். பிறகு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். தாழ்களைக் கழற்ற முடியாதபடி திருகாணிகள் மேல் இரண்டு மேயர்களும் அரக்கு முத்திரை வைத்தார்கள். முத்திரையை உடைப்பவன் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போக வேண்டும்.

சந்தை நாளில் ஊர் பார்க்க ஒன்பதும் மூன்றும் கூட்டிக் காட்டினார்கள். இருபது நிமிடம் ஆயிற்று. முட்டை விற்க வந்த ஒரு பெண் கூட்டத்தின் பின்னாலிருந்து, "பன்னெண்டுப்பா! என் முட்டைகூடக் குஞ்சு பொரிச்சிரும்போல!" என்றாள்.

ஃபெஸ்லர் கண்டுபிடித்தது அந்தச் சுத்தியல் ஒன்றைத்தான். அதைத்தான் பூட்டிவிட்டார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. ஜனவரி போனால் கையில் கரண்டி நிற்காது என்றார் வைத்தியர். இரண்டு வைத்தியர்களும் சொன்னார்கள்.

பிப்ரவரியில் குமாஸ்தாக்கள் இருவரும் பொறியின் முன்னாலேயே சண்டை போட்டு ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்துக்கொண்டார்கள். இரு மூக்குகளும் உடைந்ததால் நீதி நிலைத்தது. ஆனால் சபைக்குப் பொறுமை போய்விட்டது. வரும் திங்கட்கிழமை பொறியைப் பிரித்து, ஆளுக்கு நான்கு சக்கரம் என்று பங்கு போட்டு, தனித்தனி அலமாரியில் வைத்துவிடுவது என்று முடிவானது. பங்குக்கு முன் துடைத்துத் தருவதற்காகச் சனிக்கிழமை பொறியை ஃபெஸ்லர் வீட்டுக்குக் கொண்டுபோக எங்கள் இருவருக்கும் அனுமதி கிடைத்தது.

அன்று மத்தியானம் அவர் மனைவி ரெஜினா பருப்பும் மாவுத்துண்டுகளும் வைத்தாள். ஃபெஸ்லர் சாப்பிடவில்லை. கரண்டி தட்டில் தாளம் போட்டது.

"ஒரே ஒரு தடவை இக்னாஸ்" என்றார். "தாழ் இல்லாம. ஒரு தடவை அது தானா போறதைப் பார்த்துட்டா, அப்புறம் திங்கக்கிழமை அதை உருக்கி ஆட்டுக்கு மணி பண்ணட்டும்."

"முத்திரையை உடைச்சா ஊரை விட்டுப் போகணும் மாஸ்டர். இந்தக் கையோட எங்க போவீங்க?"

"நீயும் சேர்ந்துதான் போகணும். அதான் கேக்க மாட்டேங்கறேன்."

ரெஜினா பாத்திரத்தை டொக்கென்று வைத்தாள். "படிக்கத் தெரிஞ்ச ரெண்டு ஆம்பளைங்க உக்காந்திருக்கீங்க. ஒப்பந்தத்துல முப்பத்தோராம் பத்தியை எவனாவது படிச்சீங்களா? எட்டுலேர்ந்து எட்டேகால் வரைக்கும் கோயில் கூரைக்கடியில ரெண்டு பக்கத்துக்கும் உரிமை இல்லை, தடை இல்லை, புகாரும் இல்லை. அச்சடிச்சுச் சுவர்ல ஒட்டியிருக்கு. முப்பது வருஷமா அதைத் தூசி தட்டறேன்."

நாங்கள் சுவரைப் பார்த்தோம். அங்கேதான் இருந்தது.

எனக்கு வேறொரு பயம் இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மாஸ்டர், நாலாவது சக்கரம்... நான் அதை வாத்துப் பொறிக்கு வாங்கின தகட்டுல வெட்டினேன். அச்சு ஒரு மயிரளவு இறுக்கம். குமாஸ்தா கட்டைவிரலால தள்ளறதால யாருக்கும் தெரியலை. சுத்தியலுக்கு நகருமான்னு எனக்குத் தெரியாது."

ஃபெஸ்லர் என்னை வெகுநேரம் பார்த்தார். "மூணு வருஷமாத் தெரியுமா?"

"மூணு வருஷமா."

"வாத்துக்காரப் பயலே" என்றார். பிறகு அரத்தை எடுக்கப் போனார். கை நடுங்கியதால் நான் வாங்கி இருட்டும் வரை ராவினேன். போதுமா என்று இருவருக்கும் தெரியவில்லை. தாழ்கள் சுத்தியல்களை மட்டுமே பிடித்திருந்ததால், ஏழு சக்கரங்களில் கையாலேயே ஒன்பதை வைத்தோம். எட்டாவதில் பூஜ்யம்.

குளிர்காலத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் கோயிலுக்குத் தணல் வைத்த கணப்புப் பெட்டி கொண்டுபோவார்கள், கால் சூடாக இருக்க. ஞாயிறு காலை ரெஜினா பொறியை அதுபோலத் தெரிய ஒரு துணியில் மூடிக் கைவண்டியில் கொண்டுபோனாள். "என்னம்மா, உன் கால் அவ்வளவு பெரிசா?" என்று யாரோ கேட்டார்களாம். "குளிர் பெரிசு" என்றாளாம்.

லூத்தரன் பிரார்த்தனை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள். ஃபெஸ்லர் மட்டும் பெஞ்சில் துணி மூடிய பொறிக்குப் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் கதவருகே நின்று பார்த்தேன். லூத்தரன் கோயில் பணியாளர் அவர் தோளை உலுக்கினார்.

"ஃபெஸ்லர் ஐயா, எழுந்திருங்க. மணி ஆகப்போகுது. ஐயா! யோவ்!"

கோபுர மணி எட்டு அடித்தது. பணியாளர் கையைச் சுடுபட்டதுபோல எடுத்துக்கொண்டார். இனி அவருக்கு அங்கே எந்த அதிகாரமும் இல்லை. வெளியே வந்து, என்னைக் கடக்கும்போது, "நான் எதையும் பார்க்கலை. பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை" என்றார். போய்விட்டார்.

நான் உள்ளே போனேன். முப்பது ஆண்டுகளாக வரும் கோயில்தான். ஆனால் யாருக்கும் சொந்தமில்லாதபோது அது வேறு மாதிரி இருந்தது, யாரோ குடிமாறிப்போன வீடு மாதிரி. திறந்த கதவுகள் வழியே பனிக்காற்று அடித்தது. புறாக்கள் எங்களை முறைத்தன.

பொறியைத் தரையில் வைத்து ஏழு முத்திரைகளையும் உடைத்தேன். திருகாணிகளைக் கழற்றித் தாழ்களை எடுத்துத் தொப்பியில் போட்டேன். ஐந்து நிமிடம் போயிருந்தது. ஃபெஸ்லர் மண்டியிட்டு விரலை நீட்டினார். விரல் காற்றில் மீன் குஞ்சு மாதிரி துள்ளியது. ஒன்றாம் சக்கரத்தைத் தேடிப் பிடித்து, ஒரு பல் நகர்த்தினார்.

டொக். முதல் சுத்தியல். டொக். இரண்டாவது. டொக். மூன்றாவது.

அப்புறம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது சுத்தியல் என்னுடைய நாலாவது சக்கரத்தின் பல்லின் மேல் சாய்ந்து நின்றது. சக்கரம் அசையவில்லை. குளிரில் எண்ணெய் மெழுகாக இறுகியிருந்தது.

"கட்டைவிரலால தள்ளிரட்டுமா?" என்றேன்.

"தொட்டே கொன்னுருவேன்."

வெளியே எங்கள் ஆட்களின் செருப்புச் சத்தம் கேட்டது. பூசைக்கு வந்தவர்கள் படியில் நின்று காலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எட்டேகால் ஆகும்வரை வாசலைத் தாண்ட மாட்டார்கள். ஆன பிறகு ஒரு நொடிகூட நிற்க மாட்டார்கள். ஃபெஸ்லர் பல்லைப் பார்த்தபடியே இருந்தார். அவர் முகத்தை நான் பார்க்காமல் இருக்க அண்ணாந்தேன். பீடத்தின் பக்கத்தில் எங்கள் அணையா விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் விளக்கைத் தாழ்த்தி, சுடரை ஒட்டியிருந்த எண்ணெயை விளக்கின் கரண்டியில் எடுத்து வந்தேன். விரலைச் சுட்டது.

"அது உங்க எண்ணெய்டா" என்றார் ஃபெஸ்லர்.

"சக்கரமும் எங்களுதுதான்."

அச்சின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சொட்டு. நாங்கள் காத்திருந்தோம். எண்ணெய் உள்ளே இறங்குவதைப் பார்க்க முடியாது, ஆனாலும் பார்த்தோம். சுத்தியல் ஒரு இழை சாய்ந்தது. இன்னொரு இழை.

டொக்.

சக்கரம் நகர்ந்தது. அதன் சுத்தியல் விழுந்தது. டொக், ஐந்து. டொக், ஆறு. டொக், ஏழு. யாரோ அவசரமில்லாமல் மாடிப்படி இறங்குவது போன்ற சத்தம். கடைசியில், எந்தக் காலத்திலும் சுற்றப்போவதில்லை என்று ஊரே சொன்ன எட்டாவது சக்கரம், நான் மூன்று ஆண்டுகளாக வெட்டியாக எண்ணெய் போட்ட சக்கரம், ஒரு பல் திரும்பியது. ஒன்று. அதற்குப் பின்னால் ஏழு பூஜ்யம். ஒரு கோடி.

ஃபெஸ்லர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "கேட்டியா?" என்றார். "போற சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மாஸ்டர்."

எட்டேகால் அடித்தது. எங்கள் ஆட்கள் உள்ளே நுழைந்தபோது நான் ஒரு பெரிய கணப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தேன், பின்னால் ஒரு லூத்தரன்.

சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அணையா விளக்கின் எண்ணெயைத் திருடினேன் என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார் பாதிரியார். எட்டுக்கும் எட்டேகாலுக்கும் நடுவில் என்றேன். "அப்போ அது பாவத்துலயே சேராதுப்பா" என்றார். "ஆனா எண்ணெயைக் கொண்டாந்து ஊத்திரு."

திங்கட்கிழமை சபையில் முத்திரைகள் உடைந்திருப்பதைக் கண்டதும் இரண்டு மேயர்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"யார் உடைச்சது? எப்போ?"

"ஞாயித்துக்கிழமை எட்டேகாலுக்கு முன்னாடி" என்றேன். "கோயில்ல."

"எட்டு மணிக்கு அப்புறமா?"

"அப்புறந்தான்."

இருவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். வக்கீல் முப்பத்தொன்றாம் பத்தியை வாசித்தார். யாரும் புகார் கொடுக்க முடியாது. சரி, பங்கையாவது போடுவோம் என்று ஷ்டோல் பொறியின் பக்கம் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"இதை எப்படிப் பிரிக்கறது? எங்க நாலு சக்கரத்துலயும் பூஜ்யம். உங்களுதுல ஒண்ணு இருக்கு!"

"ஆண்டவன் கொடுத்தது" என்றார் கோப், ரொம்ப அடக்கமாக.

"அப்போ எங்க முதல் சக்கரத்தையும் ஒண்ணு தள்ளிவெச்சிருவோம். உங்களுக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. சமம்தானே?"

"நல்லாயிருக்கே நியாயம்! உங்க ஒண்ணு வெறும் ஒண்ணு. எங்க ஒண்ணு கோடியாச்சே ஐயா!"

"ஒண்ணுன்னா ஒண்ணுதானய்யா!"

"அப்படின்னா மாத்திக்கலாமா? உங்க கஜானாவுலேர்ந்து கோடி கொடுங்க, நான் ஒண்ணு தரேன்!"

"சரி, எல்லாத்தையும் பூஜ்யத்துக்குத் திருப்பிருவோம்."

"எங்க கோடியை அழிக்க நீங்க யாரு?"

மூலையில் உட்கார்ந்திருந்த ஃபெஸ்லரின் தோள்கள் குலுங்கின. கை நடுக்கம் உடம்பெல்லாம் ஏறிவிட்டதோ என்று பயந்து திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது ஆண்டுகளில் நான் பார்த்த முதல் சிரிப்பு. இடத்துக்கு இடம் ஒன்றின் மதிப்பு மாறும் என்பதை எத்தனையோ முறை சபைக்கு விளக்கியிருக்கிறார். அன்றைக்குத்தான் அவர்களுக்குப் புரிந்திருந்தது.

பங்கு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. பிறகு அதற்கடுத்த கூட்டத்துக்கு. தாழ்களைத் திரும்பப் பொருத்தலாமா என்பதும் சேர்ந்து தள்ளிப்போனதால், அவை என் தொப்பியிலிருந்து என் மேசை இழுப்பறைக்குப் போயின. அந்தக் கோடையில் ஃபெஸ்லர் இறந்தார். பொறியைப் பிரிக்கவும் இல்லை, தொடவும் இல்லை. சபை மண்டபத்தில் ஒரு கோடியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. மேயர்கள் இரண்டு முறை மாறிவிட்டார்கள், இன்னும் வழக்கு நடக்கிறது.

நான் சனிக்கிழமைதோறும் போய் எட்டாவது சக்கரத்துக்கு எண்ணெய் போடுகிறேன். பதவியின்படி அது ஒன்றுதான் என் வேலை. நாலாவதுக்கும் இரண்டு சொட்டு விடுகிறேன். அதைக் கணக்கில் காட்டுவதில்லை.